பத்மநாபபுரத்துக்கு ஒரு பிறந்தநாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

நவம்பர் 1 நெருங்குகிறது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956-ஆம் ஆண்டு அந்த நாளில் தாய்த் தமிழகத்தோடு இணைந்ததை நினைவுகூர்ந்து, வழக்கம்போல் நாகர்கோவிலில், இணைப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மார்ஷல் நேசமணியின் சிலைக்கு மாலைகள் விழும். அந்தப் போராட்டத்தின்போது 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தவர்களையும் அன்று நினைக்கிறோம் என்பதால் அந்த மாலைகளில் எனக்குக் குறையேதும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இப்படி ஒரு பிறந்தநாள் இருக்க, மாவட்டம் பிறப்பதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே அரண்மனை எழும்பிய பத்மநாபபுரத்துக்கு ஒரு நாள்கூட இல்லையே என்பதுதான் என் குறை.

எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது என்று கேட்பார்கள். வேணாட்டு மன்னர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில், 1601 வாக்கில், இந்த அரண்மனை தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. கல்குளம் என்றிருந்த ஊரைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா திருத்திக் கட்டி, தம் குலதெய்வத்தின் பெயரால் பத்மநாபபுரம் ஆக்கியது 1744 வாக்கில். முன்னது கட்டடத்தின் வயது, பின்னது பெயரின் வயது. ஊரோ இரண்டுக்கும் மூத்தது. சிவராத்திரியையொட்டிப் பக்தர்கள் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிச் சென்று வழிபடும் சிவாலய ஓட்டத்தின் ஏழாவது தலமான நீலகண்டசுவாமி கோயிலை இன்றும் கல்குளம் கோயில் என்றுதானே சொல்கிறோம்?

ஆகவே ஆண்டைத் தேடி அலையாமல், ஊர் தானாகவே விழாக்கோலம் கொள்ளும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. 1795 வாக்கில் திருவிதாங்கூரின் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிவிட்டபோதிலும், நவராத்திரிக்கு அங்கே கொலுவிருக்க இங்குள்ள தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன்தான் இன்றும் போகவேண்டியிருக்கிறது. கம்பர் வழிபட்ட திருமேனி என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் வந்து சேர்ந்ததும், உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறும். வெளியே தமிழகக் காவலர்களும் கேரளக் காவலர்களும் அணிவகுத்து மரியாதை செலுத்துவார்கள். மேளம் ஒலிக்க ஊர்வலம் தெருவுக்குள் திரும்பும்போது, வீட்டு வாசலில் குத்துவிளக்கும் தட்டில் பூவும் பழமுமாக நிற்கும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கொட்டாரத்துக்குள், அதாவது அரண்மனைக்குள், கால்வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அரண்மனையும் ஊரும் சேர்ந்து நிற்கும் நாள் அது ஒன்றே.

மற்ற நாட்களில் வேன்களில் வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திற்பரப்புக்கோ கன்னியாகுமரிக்கோ போய்விடுகிறார்கள். தாய்க் கொட்டாரத்தின் ஒற்றைப் பலாமரத் தூணையும், சுண்ணாம்போடு சிரட்டைக்கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெருகேற்றியதாகச் சொல்லப்படும் கருந்தரையையும் பார்த்து வியக்கிறவர்களுக்கு, சுற்றிலும் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கருங்கல் கோட்டைச் சுவர் இருப்பதும், அதற்குள் ஓர் ஊர் வாழ்வதும் தெரிவதில்லை. சென்ற ஆண்டு மதுரையிலிருந்து வந்த என் மைத்துனர், அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு, “அத்தான், நாம எப்போ கேரளாவுக்குள்ள வந்தோம்?” என்று கேட்டார். 1956-இல் நிலம் தமிழகத்துக்கும் அரண்மனை கேரளத்துக்கும் என்று ஆன கதையை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் அரண்மனையின் உணவுக்கூடமான ஊட்டுப்புரையே வந்துவிட்டது. மரத்தாலான இவ்வளவு பெரிய அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பழுதில்லாமல் காத்துவருகிறது என்பதையும், 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அது இடம்பெற்றது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

கவலையெல்லாம் கோட்டைச் சுவரைப் பற்றித்தான். நான் காலையில் நடக்கும் பகுதியில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே முளைத்த அரசங்கன்று ஒன்று மூன்று மழைக்காலங்களில் கைப்பிடிப் பருமன் ஆகிவிட்டது; அது பிளந்த இடைவெளியில் என் உள்ளங்கை நுழைகிறது. அடுத்து வரும் துலா (ஐப்பசி) மழைக்கு அந்தக் கல் தாங்குமா என்பது ஐயமே.

இந்த ஆண்டு அம்மன் போய்த் திரும்பியாயிற்று. அடுத்த ஆண்டு ஊர்வலம் புறப்படும் நாளையே பத்மநாபபுரம் நாள் என்று நகராட்சி அறிவித்து, அதற்கு முந்தைய வாரத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் கோட்டையைச் சுற்றி ஒருமுறை நடத்திக் கூட்டிச் செல்லலாம். பழைய தெருப்பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். பந்தலும் பட்டிமன்றமும் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. தொல்லியல் பணியாளர்கள் வந்து, கல்லுக்குச் சேதமில்லாமல் அந்த அரசங்கன்றை வேரோடு எடுத்துவிட்டால், எனக்கு அன்றே விழா தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தக்கலை.