வீதங்களுக்குள் அடங்காத திருகோணமலை

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டத்தைப் பற்றிப் பேசுவோர் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைக் காட்டி, சோனகர் (முஸ்லிம்கள்) ஏறத்தாழ 40 வீதம், இலங்கைத் தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் ஏறத்தாழ 27 வீதம் என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். மாவட்ட வீதம் ஊரைக் காட்டாது. கிண்ணியாவில் பெரும்பாலும் சோனகர், கோமரங்கடவலையில் பெரும்பாலும் சிங்களவர்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இலங்கையின் பழங்குடியினரான வேடர்களுள், வெருகல், மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர்கள் வீட்டில் தமிழே பேசுவதால், கணக்கெடுப்புப் படிவத்தில் பெரும்பாலும் தமிழராகவே பதியப்படுகின்றனர். வேடர் வழிவந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஒரு முதியவர், இனத்துக்குரிய கட்டத்தில் எதை எழுதுவது என்று கேட்டபோது, எழுத வந்தவர் தலை நிமிராமலே ‘தமிழ்’ என்று குறித்துக்கொண்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். (முதியவரும் மறுக்கவில்லை, வெயில் வேறு.) ஐரோப்பிய வழிவந்த பாலையூற்றுப் பறங்கியருக்காவது படிவத்தில் தனிப் பெயர் உண்டு. அவர்களுடைய போர்த்துக்கேயக் கிரியோல் (போர்த்துக்கேயமும் உள்ளூர் மொழிகளும் கலந்து உருவான) மொழியை இன்று வீட்டில் பேசுவோர் மிகச் சிலரே என்பதை அந்தப் பெயர் சொல்லாது.

அடுத்த கணக்கெடுப்பில், வேடர் வழிவந்தோர் விரும்பினால் அவ்வாறே பதியலாம் என்பதைக் கணக்கெடுப்போர் வாசலிலேயே தமிழில் சொல்ல வேண்டும்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை