அம்மாவின் எலும்பையும் கொஞ்சம் பாருங்கள்

மாநகரச் சுகாதார அதிகாரிகளுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் என் அம்மா, லாரியில் பிடித்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படி ஏறும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மாடியிலிருந்து விழவில்லை, நின்ற இடத்திலேயே விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வயது 58.

மாவுக்கட்டு போட்ட இடத்தில், "வயசானா இப்படித்தாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஐந்து, ஏழு வருடங்களிலேயே 20 சதவீதம் வரை அடர்த்தி போய்விடலாம். உங்களுக்குத் தெரியாததா? அம்மாவுக்கு நின்று ஒன்பது வருடமாகிறது. வீடு தேடி வந்து பிபி பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள். அதற்கு நன்றி. எலும்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அவருக்கு என் மகள்தான் தலை வாரி விடுகிறாள். சோற்றை நான் பிசைந்து ஊட்டுகிறேன். நாற்பது வருடம் ஊருக்கே ஆக்கிப் போட்ட கை அது. முதல் நாள் இரண்டு வாய் வாங்கிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அரை லிட்டர் பால். பிள்ளைகளுக்கும் அப்பா டீக்கும் போக, அம்மாவுக்கு வரடீதான். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). அம்மா சாப்பிட்டதோ ரசம் சோறும் கருவாடும் ஊறுகாயும். உப்பு கூடினால் கால்சியம் சிறுநீரில் போகும் என்று எனக்கே இப்போதுதான் தெரியும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எங்கள் தெருவில் கூழ் என்றால் ஆடி மாதத்தோடு சரி. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், முருங்கைக்கீரை சேருங்கள், புகையிலையை விடுங்கள் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அம்மா கேட்டிருப்பார். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்களே, எங்களுக்கும் கேட்டுப் பாருங்கள்.

தினமும் நடக்க வேண்டும், வெயில் படவேண்டும் என்கிறார்கள். எங்கே நடப்பது? பெரிய சாலையில் கண்டெய்னர் லாரி. நடைபாதையில் பைக் நிற்கிறது, இல்லாவிட்டால் பள்ளம். சந்துக்குள் பட்டப்பகலிலும் டியூப் லைட் போட்டுத்தான் அம்மா கவர் ஒட்டிக்கொண்டிருந்தார். குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்திருந்தால் அந்தக் குடத்தையே தூக்கியிருக்க மாட்டார். இதெல்லாம் உங்கள் துறை இல்லை என்பீர்கள். சரி, உங்களால் ஆவதைக் கேட்கிறேன்.

பிபி, சுகரோடு எலும்பையும் பாருங்கள். மாதவிலக்கு எப்போது நின்றது, இதற்கு முன் விழுந்தாரா, எலும்பு முறிந்ததா, என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். சந்தேகம் இருப்பவர்களுக்கு எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் இலவசமாக எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். முறிந்த பிறகு கட்டுப் போடுவதை விட, முறிவதற்கு முன்னாலேயே தயவுசெய்து எலும்பைப் பாருங்கள்.

அம்மாவுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு 62 வயது. நாளைக் காலையும் குடத்தோடு லாரிக்கு நிற்பார். அவரிடமிருந்து தொடங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மகள்