ஆய்வகச் சாவி என்னிடம் இருக்கிறது

அரசுப் பள்ளிகளுக்குப் பணியிடம் நிர்ணயிக்கும் கல்வித்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இந்த ஆண்டு எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பணியிடப் படிவத்தை நிரப்பியது நான்தான். அறிவியல் ஆசிரியருக்கு அலுவலகத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அங்கே எழுத்தர் இடம் காலி. யாராவது எழுத வேண்டுமே. மாணவர் தொகையை ஆசிரியர் தொகையால் வகுத்தேன். 28 வந்தது. கோப்பில் பார்க்க அழகான எண். அதே நாள் பிற்பகல் நான் பாடம் நடத்திய அறையில் 46 பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டும் உண்மையான எண்கள்தான். மாணவருக்கு வாரம் 40 பாடவேளை. ஆசிரியருக்கு 28, மிச்ச நேரம் தயாரிப்புக்கும் திருத்தத்துக்கும். அப்படியானால் விகிதம் 28 என்று வந்த அன்றே சராசரி வகுப்பு 40 பேர் கொண்டதாகிவிடுகிறது. பெருக்கி வகுத்துப் பாருங்கள். வகுப்பே எடுக்காத தலைமை ஆசிரியர், நீண்ட விடுப்பில் இருக்கும் ஒருவர், வேறு பணிக்கு அனுப்பப்பட்ட இன்னொருவர், இவர்களும் அந்த வகுத்தலில் ஆசிரியர்களாகவே எண்ணப்படுகிறார்கள். 40க்கும் 46க்கும் இடையிலுள்ள ஆறு பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

பாடவாரியாகப் பார்த்தால் இன்னும் மோசம். வரலாற்றில் ஒருவர் கூடுதல், கணிதத்தில் ஒருவர் குறைவு என்றால் உங்கள் தாளில் கணக்கு நேராகிவிடும். பள்ளியில், வரலாற்று ஆசிரியர் முந்தின இரவு உட்கார்ந்து முக்கோணவியல் படித்துவிட்டு வருகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர் பற்றாக்குறையையாவது செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஆய்வக உதவியாளர், எழுத்தர், நூலகர், மாணவருக்கு மனநல ஆலோசனை சொல்லும் ஆற்றுப்படுத்துநர், தூய்மைப் பணியாளர் ஆகியோரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த இடங்களை நிரப்பாமல் விட்டால் சம்பளம் மிச்சம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வேலையை இப்போதும் யாரோ செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

யார் என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன். அமில-கார தரம் பார்த்தல் (காரத்தைச் சொட்டுச் சொட்டாக அமிலத்தில் விட்டு, நிறம் மாறும் இடத்தில் அளவு குறிக்கும் செய்முறை), 40 நிமிடப் பாடவேளை. பூட்டைத் திறந்து, கரைசல்களை எடுத்து வைத்து, பியூரெட்டுகளை, அதாவது அடியில் திருகு வைத்த அளவுக் கண்ணாடிக் குழாய்களை, கழுவிப் பொருத்துவதற்குள் 15 நிமிடம் போய்விட்டது. சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றிய பியூரெட் ஒன்றை முந்தின வாரம் யாரும் கழுவாமல் விட்டிருந்தார்கள். (யாரும் என்ன யாரும், நான்தான், மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்கு ஓடியிருந்தேன்.) காரம் காய்ந்து கண்ணாடித் திருகு இறுகிவிட்டது. சுடுநீரில் வைத்துத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. மீதமிருந்த நான்கு பியூரெட்டுகளைச் சுற்றி 46 பேர். முன்வரிசையில் நின்றவர்கள் நிறம் மாறுவதைப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளைப் பார்த்தார்கள். ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இளஞ்சிவப்பு வந்துவிட்டதா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்று நான் சொன்னேன். அவளுக்குச் செய்முறை அவ்வளவுதான்.

அந்த 40 நிமிடத்தில் நான் கற்பித்தது எவ்வளவு, உதவியாளர் வேலை பார்த்தது எவ்வளவு? ஆசிரியர் சம்பளம் கொடுத்துக் குடுவை கழுவ வைப்பது சிக்கனமா?

திருத்தும் வேலையும் அப்படித்தான். 46 பேர் கொண்ட ஐந்து பிரிவுகளில் 230 நோட்டுகள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் 19 மணி நேரத்துக்கும் மேல், வாரம் ஒருமுறை மட்டும். அதனால் நாங்கள் சரி என்று ஒரு கோடு இழுத்துத் தேதி போட்டுவிடுகிறோம். பிழை எங்கே நேர்ந்தது என்று எழுதுவதில்லை.

இதில் புதுமை ஒன்றுமில்லை. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் எழுதிவைத்த விதி ஒன்று உண்டு: ஓர் ஆசிரியரிடம் 25 பிள்ளைகள் படிக்கலாம், அதைத் தாண்டி 40 வரை போனால் கூடவே ஓர் உதவியாளர், 40க்கு மேல் இரண்டு ஆசிரியர்கள். ஆசிரியரையும் உதவியாளரையும் ஒரே விதியில் வைத்து யோசித்திருக்கிறார்கள். நீங்கள் இரண்டையும் இரண்டு கோப்புகளில் வைத்திருக்கிறீர்கள்.

உங்களில் விவரம் தெரிந்தவர் அமெரிக்காவின் டென்னசி ஆய்வை எடுத்துக்காட்டி மறுக்கக்கூடும். 1985இல் தொடங்கிய அந்த ஆய்வில், 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகள் நன்றாக முன்னேறின. 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பில் முழுநேர உதவியாளரைச் சேர்த்ததால் பெரிய பலன் தெரியவில்லை. உண்மைதான். ஆனால் அவை மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை. அங்கே உதவியாளர் வகுப்பறைக்குள் இருந்தார். நான் கேட்பது கதவுக்கு வெளியே உள்ள வேலையை ஏற்க ஓர் ஆள்.

அவசரத்தில் யாரையாவது போட்டு நிரப்பிவிடவும் வேண்டாம். கலிபோர்னியா 1996இல் தொடக்க வகுப்புகளை 20 பேராகக் குறைக்கப் புறப்பட்டபோது, முழுத் தகுதி பெறாதவர்களைப் பெருமளவில் வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. ஓய்வுபெறும் தேதி பணியில் சேர்ந்த அன்றே தெரிந்துவிடுகிறது. அதற்கு ஓராண்டு முன்பே ஆள் தேடத் தொடங்கலாமே.

அடுத்த படிவத்தில் விகிதம் கேட்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆசிரியரல்லாத பணியிடம் எத்தனை நாளாகக் காலி, அந்த வேலையை இப்போது யார் பார்க்கிறார் என்று பெயர் கேளுங்கள். நிரப்பப்பட்ட படிவத்தைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்; பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்.

சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு, உடைந்த பொருட்களின் பட்டியல் மூன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பொறுப்பேற்க ஒருவர் வந்தால் அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓர் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்