வான்கதவும் குறுஞ்செய்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் மேலதிக நீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறக்கப்படும்போது, கனகராயன் ஆற்றின் கீழ்ப்புறத்திலுள்ள பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை மக்களுக்கு அது அறிவிக்கப்படும் முறை பற்றிச் சில வரிகள் எழுத விரும்புகிறேன்.

கடந்த மாரியில் ஓர் இரவு எனது கைத்தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி, “தாழ்நில மக்கள் அவதானமாக இருக்கவும்” என்று மட்டுமே கூறியது. எத்தனை கதவுகள், எத்தனை அங்குலம், எத்தனை மணிக்கு என்ற விபரம் எதுவும் அதில் இல்லை. நான் அதை வாசித்தபோது தண்ணீர் படலையைத் தாண்டி மாட்டுக்கொட்டிலுக்குள் வந்துவிட்டது. நனைந்து இறுகிய கயிற்றை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்தே கன்றை மேட்டுக்குக் கொண்டு போனோம். மின்சாரம் நின்றதால் அயல்வீட்டு முதியவரின் தொலைபேசி அதற்கு முன்பே உயிரிழந்திருந்தது.

முன்பு வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிக்கும் வட்டவிதானை சைக்கிளில் வந்து வாய்க்கால் நீர் திறக்கும் நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போவார். (கூடவே ஊர்வம்பும் வரும் என்பது வேறு விடயம்.) 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்ட பின்னரும் அறிவிப்பு முறை சீராகவில்லை. கதவின் அளவையும் நேரத்தையும் செய்தியில் சேர்ப்பதற்கும், அதையே கோயில், தேவாலய ஒலிபெருக்கிகளில் அறிவிப்பதற்கும், பாலத் தூண்களில் தூரத்திலிருந்தே தெரியும்படி நீர்மட்ட நிறக்கோடுகள் தீட்டுவதற்கும் பெரிய திட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. அடுத்த மாரிக்கு முன் உரிய அதிகாரிகள் இவற்றைச் செய்து தர வேண்டும்.

இப்படிக்கு,
கண்டாவளை விவசாயி ஒருவர்