மயிலின் கழுத்து ஏன் கறுத்தது

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

நலம். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது, அம்மாவின் கண் சத்திரசிகிச்சையோடு அலைந்ததில் உடனே பதில் எழுத முடியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, நேற்றுக் கட்டவிழ்த்ததும் முற்றத்து வேம்பைப் பார்த்து "இலை இவ்வளவு பச்சையா மகனே" என்று கேட்டா. மகள் உயர்தரத்துக்குப் படிக்கிறாள். கச்சான் இந்த முறை பொல்லாத காற்றாக அடிக்கிறது, வீட்டுக்குள் எங்கே கை வைத்தாலும் புழுதி.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கிரீன் முழுக்க மஞ்சள் பூசியது மாதிரி இருக்கிறது, புது மொனிட்டர் வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வாங்காதே மச்சான், பொறு. அதே கடிதத்தில் நீயே இன்னொன்றும் எழுதியிருக்கிறாய்: ஆடி அமாவாசைத் தீர்த்த நோட்டீசில் நீ வைத்த மயிலின் கழுத்து கறுத்துப்போய்விட்டது, தோகை மட்டும் பச்சையாகவே நிற்கிறது என்று. அந்த வரியை வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உன் மொனிட்டருக்கு நீலம் போய்ச் சேரவில்லை. ஸ்கிரீனில் வெள்ளை என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த ஒளிதானே, நீலம் இல்லாமல் போனால் மிஞ்சுகிற சிவப்பும் பச்சையும் மஞ்சளாகத் தெரியும், தனி நீலமாக இருந்த இடம் கறுக்கும். சிவப்பு போயிருந்தால் எல்லாம் நீலப்பச்சையாகியிருக்கும், பச்சை போயிருந்தால் கத்தரிப்பூ நிறம் வந்திருக்கும்.

கொம்பியூட்டரிலிருந்து மொனிட்டருக்குப் படம் கொண்டுபோக நீ வைத்திருப்பது அந்த நீலத் தலை வைத்த பழைய விஜிஏ கேபிள். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த முறை அது, ஒவ்வொரு நிறமும் தனித்தனிக் கம்பியில் போகும். அதனால்தான் ஒரு கம்பி மட்டும் விட்டுப்போனால் ஒரு நிறம் மட்டும் காணாமல் போகிறது. அதற்குப் பிறகு வந்த எச்டிஎம்ஐ கேபிளில் பழுது வந்தால் பெரும்பாலும் புள்ளி புள்ளியாக மினுங்கும் அல்லது படமே விட்டுவிட்டுப் போகும், இப்படி ஒரு நிறம் மட்டும் சுத்தமாகக் குறைவது அரிது.

முதலில் மொனிட்டரின் கீழே இருக்கிற மெனு பட்டனை அமுக்கிப் பார். வெளிச்சம் கூட்டுவது, குறைப்பது என்று ஒரு சின்னக் கட்டம் வருமே, அது கொம்பியூட்டரிலிருந்து வருவதல்ல, மொனிட்டர் தானே வரைந்து காட்டுவது. சுற்றிவர எல்லாம் மஞ்சளாக இருக்க அந்தக் கட்டத்தில் மட்டும் வெள்ளையும் நீலமும் சரியாகத் தெரிந்தால் மொனிட்டரில் ஒரு பிழையும் இல்லை, பழுது கேபிளில் அல்லது கொம்பியூட்டர்ப் பெட்டியின் பக்கம். அந்தக் கட்டமும் மஞ்சளாக இருந்தால் மட்டும் மொனிட்டரைப் பற்றி யோசி.

அப்புறம் மொனிட்டர், கொம்பியூட்டர் இரண்டையும் நிறுத்திவிட்டு கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் பதினைந்து ஊசி. நடு வரிசையில் ஒன்று இல்லாமலேயே பல கேபிள்கள் வரும், அதைக் கண்டு பயப்படாதே. அகலமான பக்கத்து வரிசையில் நட்ட நடுவில் நிற்கிற ஊசிதான் நீலம். அது வளைந்தோ உள்ளே அமுங்கியோ இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் போன மாதம் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன் என்று நீதான் எழுதியிருந்தாய். வளைந்திருந்தால் ஈயக்குச்சி போடுகிற பென்சில் ஒன்றை எடுத்து, குச்சியை வெளியே எடுத்துவிட்டு, அதன் முனைக் குழாயை ஊசியின்மேல் செருகி மெல்ல மெல்ல நிமிர்த்து. அவசரப்பட்டால் ஊசி முறிந்துவிடும். அமுங்கிப் போயிருந்தால் மினக்கெடாதே, வேறு கேபிள் போடு. திரும்பச் செருகும்போது இரண்டு பக்கத் திருகையும் கட்டாயம் இறுக்கிவிடு.

ஒன்று சொல்ல மறந்தேன், நோட்டீசுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோப்பில் மயில் நீலமாகத்தான் இருக்கிறது, போனுக்கு அனுப்பிப் பார்த்தால் தெரியும். ஆனால் இந்த ஸ்கிரீனைப் பார்த்து நிறத்தைத் திருத்திவிடாதே, அச்சில் எல்லாம் தப்பாகிவிடும்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மார்கழி மழையில் என் கொம்பியூட்டரும் கண்ணை மூடிவிட்டது. காற்றாடி சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஸ்கிரீனில் மட்டும் 'சிக்னல் இல்லை'. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன், திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்ட், அதுதான் உள்ளே எல்லாவற்றையும் இணைக்கிற பெரிய பலகை, போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும் என்றார்கள். அப்பாவின் கடைசிப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன என்று உனக்குத் தெரியும். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

விடிந்ததும் நானே திறந்தேன். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்து மிச்சக் கரண்டைப் போக்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, ரேம் என்கிற நினைவகப் பட்டையை இரண்டு பக்கக் கொளுக்கியும் விலக்கி வெளியே எடுத்தேன். அதன் கீழ் விளிம்பில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருக்குமே, அவை மங்கிப்போய், ஓரத்தில் ஒரு மெல்லிய படலம். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக்காற்று சைக்கிள் சங்கிலியையே தின்கிறது, இதை விடுமா? மகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தேன், அழிறப்பரில் சாம்பல் நிறக் கோடு கோடாக அழுக்கு ஏறியது, பற்கள் திரும்ப மினுங்கின. தூசியை ஊதித் தள்ளிவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும்வரை அமுக்கினேன். படம் வந்துவிட்டது மச்சான். முதல் வேலையாக அப்பாவின் படங்களை இரண்டு பென் டிரைவில் எடுத்து வைத்தேன். நீயும் உன் நோட்டீஸ்களை எல்லாம் எங்காவது பிரதி எடுத்து வை, இன்றைக்கே.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் ஸ்கிரீன் இருண்டால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு வீட்டில் படம் காட்டுவதற்கென்றே தனி கிராபிக்ஸ் கார்ட் இருக்க, துப்புரவு செய்தவர்கள் கேபிளை மேலே மதர்போர்ட் துளையில் செருகியிருந்தார்கள், கீழே கார்டுக்கு மாற்றியதும் சரி. இன்னொரு வீட்டில் முழு இருட்டு, ஆனால் டோர்ச் லைட்டைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் உள்ளே படம் மங்கலாகத் தெரிந்தது, அது ஸ்கிரீனுக்குப் பின்னால் எரிகிற பின்விளக்கின் பழுது, பெட்டியில் குற்றமில்லை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இருண்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு B எழுத்தை அமுக்கிப் பார், படத்தைக் கவனிக்கிற மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். ஆனால் மொனிட்டரின் முதுகை மட்டும் நீயாகத் திறக்காதே, பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கி நிற்கும்.

எங்கள் மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தமும் உங்கள் திருக்கோயில் ஊர்த் தீர்த்தமும் ஒரே நாளில் வருவதால் இத்தனை வருடத்தில் நான் உன் ஊர்த் திருவிழாவைக் கண்டதே இல்லை. இந்த முறை அம்மாவை மகளோடு மாமாங்கத்துக்கு அனுப்பிவிட்டு அங்கே வரலாம் என்றிருக்கிறேன். என்னிடம் நல்ல விஜிஏ கேபிள் ஒன்று சும்மா கிடக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன். அதற்குள் அந்த நடு ஊசியைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் எடு.

அன்புடன்,
உன் மச்சான்