கொடிவழியில் பெயரில்லாத பிள்ளைகள்

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். முழங்கால் வலி சற்றுக் குறைந்ததால், சென்ற மாதம் வாழப்பாடிக்குப் போய்ப் பெரியப்பா எழுதிவைத்த கொடிவழி நோட்டை, அதாவது எங்கள் வம்சாவளியை, பிரதி எடுத்து வந்தேன். எங்கள் எள்ளுத்தாத்தாவுக்குப் பிறந்தவர்கள் பத்துப் பேர், ஆளானவர்கள் நால்வர். மற்ற ஆறு பேருக்கு எதிரே, காரணம் எதுவுமின்றி, ‘சிறு வயதில் காலம்’ என்றே இருக்கிறது.

எதனால் இறந்தார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். அக்காலத்து ஊர்க்கணக்கைப் புரட்டினாலும் ‘காய்ச்சல்’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும். மருத்துவர் பார்த்துச் சொன்னதன்று அது, வீட்டார் சொன்னதை மணியக்காரர் எழுதிக்கொண்டது. மலேரியா, டைபாய்டு, நிமோனியா, பிள்ளை பெற்றவளுக்கு வரும் சன்னி ஆகிய எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. ஆகவே காரணத்தை ஆண்டுகளிலும் பெயர்களிலும் தேடினேன்.

அறுவரில் மூவர் தாது, ஈசுவர ஆண்டுகளில் போனவர்கள். அது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம். 1871 மக்கள்தொகைக் கணக்கில் 19,66,995 பேர் இருந்த சேலம் மாவட்டத்தில், 1881இல் 15,99,595 பேரே இருந்தார்கள். பஞ்சச்சாவு என்றால் பட்டினி மட்டும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். பசியில் இளைத்த உடலை வாந்திபேதியும் அம்மையும் சீதபேதியும்தான் பெரும்பாலும் முடித்தன. கிணறு வற்றியபின் எஞ்சிய குட்டைத் தண்ணீரையே மனிதரும் மாடும் குடிக்க நேர்ந்தால் வேறென்ன நடக்கும்?

மீதி மூவரும் முதல் மூன்று பிள்ளைகள். நான்காவதாகப் பிறந்து தப்பிய பெண்ணின் பெயர் குப்பம்மாள். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்து இப்படிப் பெயர் வைப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு முன்னே இருந்த துக்கம் எனக்கு முழுதாகப் புரிந்தது. மூவரில் ஒன்று எட்டாம் நாளில் இறந்திருக்கிறது. தொப்புள்கொடியை அறுத்த கத்தியின் வழியே ஏறும் வில்வாத சன்னி (டெட்டனஸ்), பிறந்த ஒரு வாரத்தையொட்டித்தான் குழந்தையைக் கொல்லும். இதுவும் அதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

எள்ளுப்பாட்டி நிறைசூலியாய் இறந்தாள். நோட்டில் அது இல்லை. அடுத்த தையில் எள்ளுத்தாத்தா அவள் தங்கையை இரண்டாந்தாரமாகக் கட்டினார் என்ற குறிப்பும், ஏரிக்கரைப் பாதையில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லும்தான் அதைச் சொல்கின்றன; வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளின் நினைவாக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்க நடும் கல் அது. ஒருநாள் அந்தக் கல்லில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அந்தக் காலத்தில் நாற்பதைத் தாண்டியவர் இல்லை என்று பேசுவதை இனி ஏற்க மாட்டேன். ஐந்து வயதைக் கடந்த நால்வரில் மூவர் எழுபதைத் தாண்டியிருக்கிறார்கள்.

உங்கள் ஊர்ப் பாதையில் சுமைதாங்கி இருக்கிறதா என்றும், யாருக்காக நட்டது என்றும் அத்தையிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நோட்டின் பிரதி ஒன்றை உங்களுக்கும் அனுப்புகிறேன். பெயர் தெரியாத அந்தக் குழந்தைக்கு எதிரே, ‘பெண், எட்டாம் நாள்’ என்று என் கையால் சேர்த்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்