வாசித்தவர்களுக்குப் பெயர் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சோல், ஹிப்-ஹாப் என்ற அமெரிக்கக் கறுப்பின இசைகளின் கச்சேரி பற்றிய விமர்சனம் படித்தேன். பாடகியின் உடைக்கு ஒரு பத்தி, மேடை விளக்குகளுக்கு இன்னொரு பத்தி. அதற்குப் பிறகு, "பின்னணியில் சிலர் இசைக்கருவிகள் வாசித்தனர்" என்று ஒரே ஒரு வரி. அந்த வரியோடு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

அன்று இரவு நானும் அந்த அரங்கில் இருந்தேன், டிரம்மரின் கைகள் நன்றாகத் தெரிகிற பக்கத்தில். இரண்டாம் பகுதியில் ஓரிடத்தில், இசைத்தட்டு சுழற்றும் டிஜே அதை நிறுத்தினார். கீபோர்டும் பேஸ் கித்தாரும் ஓய்ந்தன. டிரம்மர் மட்டும் தனியாக வாசித்தார். இடது கைக் குச்சி ஸ்னேர் டிரம்மைத் தொட்டும் தொடாமலும் உரசிக்கொண்டே இருந்தது. அந்தச் சன்னமான தட்டல்களுக்கு நடுவே திடீரென்று ஒரு பலமான அடி. தாளத்துக்குச் சொற்களை அடுக்கிச் சொல்லும் ராப் பாடகர் ஒவ்வொரு சொல்லையும் அந்த அடிக்குச் சற்றுப் பிந்தியே வைத்துக்கொண்டு வந்தார். கடைசிச் சொல்லை மட்டும் சரியாக அடியின் மேலேயே கொண்டுவந்து இறக்கினார். அரங்கம் முழுதும் எழுந்து நின்றது. இதைத்தான் உங்கள் விமர்சகர் "வேகமாகப் பேசினார்" என்று எழுதியிருக்கிறார். அவர் அதுவரை அரங்கில் இருந்தாரா என்று கேட்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

தாங்கள் அறியாததல்ல. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டு சுழற்றினார் டிஜே கூல் ஹெர்க். பாட்டு முழுவதையும் விட, டிரம் தனித்து ஒலிக்கும் இடத்துக்காகத்தான் ஆடுபவர்கள் காத்திருக்கிறார்கள் என்று கண்டுகொண்டவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்தச் சில நொடிகளை நீட்டிக்கொண்டே போனார். ஹிப்-ஹாப் அந்த நொடிகளில் இருந்துதான் பிறந்தது. அதன் அடித்தளமே பெயர் தெரியாத டிரம்மர்களின் கை.

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டு 1970இல் வெளியானது. அதில் டிரம் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். அவருடைய சில நொடி வாசிப்பை வெட்டியெடுத்து நூற்றுக்கணக்கான ஹிப்-ஹாப் பாடல்களில் ஒட்டினார்கள். பாட்டின் உரிமை பிரவுன் பெயரில் இருந்ததால், 2017இல் இறந்த அந்த மனிதருக்கு முறையான ராயல்டி போய்ச் சேரவே இல்லை. சோல் இசையிலும் இதே கதைதான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துப் பாடல்களை உலகமே பாடியது. பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் ஆண்டுக்கணக்கில் அந்த இசைத்தட்டுகளின் அட்டையில் இல்லை. அந்நிறுவனப் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தொகுப்பு 1971இல் வந்தபோதுதான் அந்த வாத்தியக்காரர்களுக்கு அட்டையில் இடம் கிடைத்தது. 1983இல் மோட்டவுன் தன் 25 ஆண்டு விழாவைத் தொலைக்காட்சிக்காக நடத்தியது. ஜேமர்சன் வெளியில் டிக்கெட் வாங்கி மாடி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.

இதெல்லாம் பழங்கதை என்று தாங்கள் நினைக்கலாம். நானும் மேடையின் பின்வரிசையில் பேஸ் கித்தார் வாசித்தவன்தான். நாங்கள் வாசித்த கச்சேரி ஒன்றைப் பற்றி ஒரு பத்திரிகையில் பெரிய படத்தோடு செய்தி வந்தது. பாடியவர் முழுதாக இருந்தார், என் கித்தாரின் கழுத்து மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அதை அம்மாவிடம் காட்டி "இதுதான் நான்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தங்கள் இணைப்பின் மேலும் எனக்கு வருத்தம் புதிதல்ல. ஜாஸ் விழாச் செய்தியில் டிராம்போனை டிரம்பெட் என்று போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. கச்சேரிச் செய்திகளில் ஒலி அமைத்தவரின் பெயர் வந்து நான் பார்த்ததே இல்லை. கிரிக்கெட் செய்தியில் பன்னிரண்டாவது ஆட்டக்காரரின் பெயரைக்கூட விடாமல் போடுகிற பத்திரிகை உங்களுடையது. அதனால்தான் இத்தனை காலமும் விடாமல் வாங்குகிறேன், அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

பாடகி அன்று பாட்டை நிறுத்தி, ஒவ்வொருவரையும் முன்னால் அழைத்துப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். நிகழ்ச்சிக் கையேட்டிலும் அச்சாகியிருக்கிறது. அந்தப் பெயர்களைத் தெளிவான எழுத்தில் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு திருத்தங்கள் பகுதியில் ஒரு வரி வெளியிட்டால் போதும். டிரம்மரின் பெயரை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்